பட்டர் ஃப்ரூட் பாத்து வாங்குறது எப்படி? கடைக்கு வாறவங்க கேக்குற கேள்விகளும் பதிலும்

பாளையங்கோட்டையில பழக்கடை வச்சிருக்கேன். ஆப்பிளோ மாதுளையோ வாங்குறவங்க பெருசா ஒண்ணும் கேக்குறதில்ல, ஆனா பட்டர் ஃப்ரூட்டை கையில எடுத்தா ஆளுக்கு ஒரு சந்தேகம் வந்துரும். முன்னால ஜூஸ் கடைக்காரங்க மட்டும்தான் வாங்குவாங்க. இப்ப டாக்டர் சொன்னாரு, டயட்ல இருக்கேன், பிள்ளைக்கு மசிச்சுக் குடுக்கணும்னு வீட்டுக்கு வீடு வாங்குதாங்க, வாங்கிட்டுப் போயி பாதிப் பேரு தூரப் போடுதாங்க. அது எனக்கு மனசு கேக்கல, அதனால எல்லா கேள்வியையும் ஒரே இடத்துல எழுதி வைக்கேன். முதல்லயே ஒண்ணு சொல்லிருதேன்: இந்தக் காய்ல காசு வீணாப் போறது முக்காவாசி பழுக்காததால இல்ல, விளையாததால. கீழ எங்க சுத்துனாலும் பேச்சு அங்ஙனதான் வந்து நிக்கும்.

அண்ணாச்சி, பட்டர் ஃப்ரூட்டும் அவகேடோவும் ஒண்ணுதானா?

ஒண்ணுதான். மலையில இருந்து சாக்குல வாற பச்சைக் காயை பட்டர் ஃப்ரூட்னும், சூப்பர் மார்க்கெட்ல ஸ்டிக்கர் ஒட்டி வாறதை அவகேடோன்னும் சொல்லி விக்காங்க, அதுனால ரெண்டும் வேற பழம்னு நினைச்சுக்கிடுதாங்க. ரகம்தான் வேற. பட்டை, பிரிஞ்சி இலை எல்லாம் எந்தக் குடும்பமோ அதே குடும்பத்து மரம். சொந்த ஊரு மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கம், நம்ம நாட்டுக்கு 20ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல இலங்கை வழியா வந்துச்சு.

எல்லாம் கல்லாட்டம் இருக்கே, மரத்துலயே பழுக்க விட்டு பறிச்சுக் கொண்டாரக் கூடாதா?

மரத்துல அது பழுக்காது. மாம்பழம் மரத்துலயே பழுத்து மஞ்சளாகி விழும், கிளி கொத்தும், அணில் கடிக்கும், பட்டர் ஃப்ரூட் அப்படி கிடையாது. காய் முழுசா விளைஞ்ச பெறவும் மாசக்கணக்கா கொம்புல கெட்டியாவே தொங்கும், பறிச்ச பெறவுதான் இளக ஆரம்பிக்கும். அதனால கடைக்கு வாற எல்லா காயும் கெட்டியாத்தான் வரும், அதுல குத்தம் ஒண்ணும் இல்ல.

குத்தம் எங்க இருக்குன்னா, விளையுறதுக்கு முந்தியே பறிச்சுருதாங்க. மரத்துல இருக்க இருக்கத்தான் சதையில தண்ணி கொறஞ்சு எண்ணெய் ஏறும், அந்த எண்ணெய்தான் ருசி. விலை நல்லா இருக்கேன்னு ஒரு மாசம் முந்தியே பறிச்ச காய் இருக்கு பாருங்க, அதை நீங்க என்ன செஞ்சாலும் பழுக்காது, தொலி சுருங்கும், சதை ரப்பராகும், தின்னா தண்ணிச் சுவையா ஒரு கசப்போட இருக்கும். நம்ம ஊர்ல வெம்பிப் போச்சுன்னு சொல்லுவோம்லா, அதேதான். கலிஃபோர்னியாவுல ஹாஸ்னு ஒரு ரகக் காய்ல உலர் எடை 20.8 சதவீதம் இல்லாம சந்தைக்கே விடக் கூடாதுன்னு விதி வச்சிருக்காங்க, அதாவது தண்ணியை எல்லாம் வத்த வச்சா 100 கிராம் சதையில கிட்டத்தட்ட 21 கிராமாவது மிஞ்சணும். நம்ம பக்கம் அப்படி சோதிச்சு அனுப்புற ஆள் கிடையாது, வாங்குற நாமதான் பாத்துக்கிடணும்.

சரி, விளைஞ்ச காயா பிஞ்சுக் காயான்னு வெளியில பாத்தே எப்படிச் சொல்லுறது?

இதுதான் கேக்க வேண்டிய கேள்வி, ஆனா இதைக் கேக்குறவங்கதான் கம்மி.

முதல்ல தொலியோட மினுமினுப்பைப் பாருங்க. பிஞ்சா இருக்கும்போது தொலி எண்ணெய் தேச்ச மாதிரி பளபளன்னு இருக்கும், கண்ணுக்கு அழகாவும் இருக்கும், வாறவங்க எல்லாரும் அதைத்தான் முதல்ல எடுக்காங்க! விளைஞ்ச காய்ல அந்த பளபளப்பு போயி மங்கலா இருக்கும். கூடையில பத்து காய் கெடந்தா மங்கலா இருக்குறதை எடுங்க, பளபளன்னு இருக்குறதை விடுங்க.

அடுத்தது நெறம். பச்சை ரகம்னா கரும்பச்சை மாறி லேசா மஞ்சள் ஓடுன பச்சையாகும். நம்ம மலைக்காய்ல ஊதா நெறத்துலயும் ஒரு வகை வரும், அது விளைஞ்சா அரக்கு நெறத்துக்குத் திரும்பும்.

பெறவு காம்பு. காயோட தலையில கொஞ்சம்போல காம்பு ஒட்டிக்கிட்டு இருக்கணும். விளைஞ்ச காய்ல அந்தக் காம்பு பச்சை மாறி மஞ்சள் தட்டியிருக்கும். காம்பே இல்லாம குழி மட்டும் தெரிஞ்சா அது பறிக்கும்போது பிடுங்கி இழுத்த காய், இல்லைன்னா கம்பால அடிச்சு விழுந்த காய், அந்தக் குழி வழியாத்தான் அழுகல் உள்ள இறங்கும். விலை கம்மியா குடுத்தாலும் அந்தக் காயை நான் எடுக்க மாட்டேன்.

சில ரகத்துல காதுகிட்ட வச்சு பைய ஆட்டுனா உள்ள கொட்டை ஆடுற சத்தம் கேக்கும், அப்படிக் கேட்டா காய் விளைஞ்சதுதான். கேக்கலைன்னா விளையலைன்னு அர்த்தம் இல்ல, எல்லா ரகத்துலயும் கொட்டை ஆடாது. ஹாஸ்ல அனேகமா கேக்காது.

எடையும் பாக்கலாம், ஒரே அளவு ரெண்டு காயை ரெண்டு கையிலயும் வச்சுப் பாத்து கனமானதை எடுங்க. லேசா இருக்குறது பறிச்சு நாளாகி தண்ணி வத்துனது.

இதெல்லாம் தாண்டி ஏமாத்தவே முடியாத ஒரு அடையாளம் இருக்கு, அது காயை வெட்டுனாத்தான் தெரியும். கொட்டை மேல ஒரு மெல்லிசு தோல் இருக்கும்லா, அது காய்ஞ்ச காகிதம் மாதிரி பழுப்பு நெறத்துல, நகத்தால சுரண்டுனா உரிஞ்சு வாற மாதிரி இருந்தா காய் நல்லா விளைஞ்சது. அது வெள்ளையா, தடிச்சு, ஈரமா சதையோட ஒட்டிக்கிட்டு இருந்தா பிஞ்சுலயே பறிச்சது. லோடு வந்தா நான் முதல்ல ஒரு காயை குறுக்க வெட்டி இதைத்தான் பாப்பேன். நீங்க கிலோ கணக்குல வாங்குறதா இருந்தா கடைக்காரர்கிட்ட ஒண்ணை வெட்டிக் காட்டச் சொல்லி கேளுங்க, தப்பே இல்ல, தர்பூசணியை வெட்டிக் காட்டுதோம்லா.

கறுப்பா ஆனாத்தான் பழுத்ததுன்னு யூடியூப்ல சொல்லுதாங்களே?

அது ஹாஸ் ரகத்துக்குச் சொல்லுறது. ஹாஸ் காய் பச்சையா இருந்து ஊதாவாகி கறுப்பாகும். கலிஃபோர்னியாவுல ருடால்ஃப் ஹாஸ்னு ஒரு தபால்காரர் தன் தோட்டத்துல வளத்த மரத்துல இருந்து வந்த ரகம் அது, 1935ல அதுக்கு காப்புரிமை வாங்குனாரு, இன்னைக்கு உலகம் பூரா கடையில விக்குறதுல பெரும்பங்கு அதுதான். அந்த வீடியோவைப் பாத்துட்டு நம்ம தாண்டிக்குடி மலைக்காயை வாங்கி கறுக்கட்டும் கறுக்கட்டும்னு வச்சிருந்தா, அது கறுக்கும்போது அழுகியிருக்கும். நம்ம பச்சைக் காய் பழுத்தாலும் பச்சைதான். ஹாஸ்ல கூட நெறத்தை மட்டும் நம்பாதீங்க, சூடு பட்டா தொலி கறுத்துரும் உள்ள கெட்டியாவே இருக்கும்.

அமுக்கிப் பாத்து வாங்கலாம்லா?

பாக்கலாம், ஆனா பெருவிரலை வச்சு வயித்துல அமுக்காதீங்க. உங்ககிட்ட கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கேன். ஒருத்தர் அமுக்குனா அமுக்குன இடத்துல சதை நசுங்கும், அன்னைக்கு ஒண்ணும் தெரியாது, மறுநாள் வெட்டிப் பாத்தா விரல் அகலத்துக்கு பழுப்புத் தழும்பு நிக்கும். சாயந்திரம் வரைக்கும் இருபது பேரு அமுக்குன காயை கடைசியில ஒரு பாவப்பட்ட ஆளு வாங்கிட்டுப் போவாரு.

எப்படிப் பாக்கணும்னா, காயை உள்ளங்கையில வச்சு அஞ்சு விரலும் சேத்து பைய அணைச்சுப் பிடிங்க. விரல் நுனி படக்கூடாது, உள்ளங்கை முழுசும் படணும். கொஞ்சம்போல இளகிக் குடுத்து, கையை எடுத்ததும் குழி விழாம அப்படியே இருந்தா இன்னைக்கே சாப்பிடலாம். ஒண்ணுமே குடுக்கலைன்னா இன்னும் நாள் இருக்கு. குழி விழுந்து அப்படியே நின்னா, இல்ல தொலி ஒரு பக்கமும் சதை ஒரு பக்கமும் கழண்டு நிக்கிற மாதிரி தெரிஞ்சா, நாள் தாண்டிட்டு.

விரல் வைக்கணும்னே தோணுச்சுன்னா காம்புகிட்ட கழுத்துல லேசா ஒரு விரல் வச்சுப் பாருங்க. கழுத்து இளகியிருந்தா அனேகமா முழுசும் பழுத்திருக்கும், அங்ஙன பட்ட தழும்பு சாப்பாட்டையும் பெருசா கெடுக்காது.

காம்பைக் கிள்ளி எடுத்துட்டு உள்ள பச்சையா இருந்தா நல்ல காய், பழுப்பா இருந்தா கெட்டதுன்னு சொல்லுதாங்களே?

வீட்டுல உங்க காயை நீங்க கிள்ளிப் பாருங்க, கடையில கிள்ளாதீங்க. காம்பை எடுத்தா அந்தக் குழி திறந்துரும், காத்தும் பூசணமும் உள்ள போகும், நீங்க வாங்காம வச்சுட்டுப் போன காய் ரெண்டு நாள்ல தலையில இருந்து அழுகி வரும். அதோட இந்த சோதனை அவ்வளவு நம்பிக்கையானதும் இல்ல. காம்பு தானா லேசா கழண்டு வந்தா பழுத்துட்டு, இழுத்தாலும் வரலைன்னா இன்னும் பழுக்கல, அந்த அளவுக்கு வேணும்னா எடுத்துக்கிடலாம்.

தொலியில சொறி மாதிரி பழுப்புத் தழும்பு இருக்கே, வேண்டாமா?

எடுக்கலாம். காத்துல இலையும் கொம்பும் உரசுன தழும்பு அது, தொட்டா மரப்பட்டை மாதிரி காய்ஞ்சு கெட்டியா இருக்கும், உள்ள ஒண்ணும் பண்ணாது. தொட்டா அமுங்குற கறுப்பு வட்டம்தான் வேண்டாம். அது பூசண நோய், மழைக் காலத்துல மரத்துலயே ஒட்டிக்கிட்டு, காய் கெட்டியா இருக்குற வரைக்கும் சும்மா கெடந்து, பழுக்க ஆரம்பிச்சதும் வெளிய வரும். அதனாலதான் நல்ல மழையில பறிச்ச லோடு பாக்க சுத்தமா வந்தாலும் பழுக்கும்போது புள்ளி புள்ளியா கறுக்குது.

வீட்டுல எப்படி பழுக்க வைக்கணும்? அரிசிக்குள்ள போடலாமா?

போடலாம். அரிசிப் பானையில போடுறதும் தாள்ல பொதியுறதும் ஒரே கணக்குதான், காயைப் பழுக்க வைக்குற எத்திலீன்னு ஒரு வாயுவை காய் தானாவே விடும், அதை வெளிய போகாம அதுகிட்டயே நிப்பாட்டி வைக்குது. சீக்கிரம் வேணும்னா கூட ஒரு பழுத்த வாழைப்பழத்தை வச்சு பேப்பர் பையில சுத்தி வைங்க, நாட்டுப்பழமோ கோழிக்கூடோ எதுனாலும் சரி, வாழைப்பழம் அந்த வாயுவை நல்லா விடும். பிளாஸ்டிக் கவர்ல கட்டி வைக்காதீங்க, வேர்த்து பூசணம் பிடிச்சிரும்.

ஆனா நம்ம ஊருக்குன்னு ஒரு விஷயம் இருக்கு, இதை எந்த வீடியோவுலயும் சொல்ல மாட்டாங்க. இந்தப் பழம் நல்லபடியா பழுக்க 18ல இருந்து 24 டிகிரி வரைக்கும்தான் வேணும். 30ஐத் தாண்டுனா ஒழுங்கா பழுக்காது, ஒரு பக்கம் கூழாகும் ஒரு பக்கம் கெட்டியா நிக்கும், ருசியும் கெட்டுப்போகும், அழுகலும் சீக்கிரம் வரும். பாளையங்கோட்டையில சித்திரை வைகாசியில வீட்டுக்குள்ளயே என்ன சூடுன்னு உங்களுக்குத் தெரியும். அடுப்படி மேடை, கான்கிரீட் மாடி ரூம், ஃப்ரிட்ஜுக்கு மேல, இங்ஙன எல்லாம் வைக்கவே கூடாது. மண்பானைக்குப் பக்கத்துலயோ, கட்டிலுக்கு அடியில தரையிலயோ, வீட்டுல எது குளுமையான மூலையோ அங்ஙன ஓலைப்பெட்டியில வைங்க, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காம பரத்தி வைங்க. கோடையில அரிசிக்குள்ள போடுறதை விட இது நல்லது, ஏன்னா அரிசி சூட்டைப் பிடிச்சு வச்சுக்கிடும், காய் இருக்குறதே தெரியாம நாளும் ஓடிரும்.

இதே காயை தென்காசி செங்கோட்டை பக்கம் சாரல் காலத்துல வச்சா ரெண்டு மூணு நாள் கூடுதலா எடுத்துக்கிடும், ஆனா அருமையா பழுக்கும். எங்க மைனி வீடு அந்தப் பக்கம்தான், ஒரே லோடுல ரெண்டு வீட்டுக்கும் காய் போனாலும் அவங்க வீட்டுப் பழம் ஒரு படி மேலதான் இருக்கும்.

எத்தனை நாள்னு கேட்டா விளைஞ்ச காய்க்கு 4ல இருந்து 8 நாள் வச்சுக்கிடுங்க, காலையில ஒரு தடவை பைய எடுத்துப் பாத்தாப் போதும். 12 நாள் ஆகியும் இளகாம சுருங்கிக்கிட்டே வந்தா அது பிஞ்சு, இனி பழுக்காது.

மைக்ரோவேவ்ல வச்சா பழுக்குமா?

பழுக்காது. சூட்டுல சதை இளகும், அவ்வளவுதான், ருசி வராது, கசக்கவும் செய்யும்.

ஃப்ரிட்ஜ்ல எப்ப வைக்கணும்?

பழுத்த பெறவு. கெட்டிக் காயை வாங்குன அன்னைக்கே ஃப்ரிட்ஜ்ல வச்சா குளிரு உள்ள பாய்ஞ்சு, பெறவு வெளிய எடுத்தாலும் ஒழுங்கா பழுக்காது, வெட்டுனா சதை சாம்பல் நெறத்துல இருக்கும், நரம்பு கறுத்திருக்கும். கையில இளகிக் குடுக்குற பதம் வந்ததும் ஃப்ரிட்ஜ்ல வச்சா ரெண்டு மூணு நாள் அப்படியே நிக்கும். நாலு காய் வாங்குனா ஒண்ணொண்ணா பதம் வர வர உள்ள எடுத்து வைங்க.

வாரத்துக்கு ஒரு தடவைதான் கடைக்கு வர முடியும், எப்படிப் பிரிச்சு வாங்க?

இளகுனது ஒண்ணு, லேசா குடுக்குறது ஒண்ணு, கெட்டியா ரெண்டு. கெட்டிதான் எப்பவும் பத்திரம், யாரும் அமுக்கியிருக்க மாட்டாங்க.

வெட்டுனா உள்ள கறுப்பு கோடு, நாரு, பழுப்பு எல்லாம் இருக்கே, சாப்பிடலாமா?

எது எங்க இருக்குன்னு பாக்கணும்.

ஒரே ஒரு இடத்துல பழுப்புத் திட்டுன்னா அது அமுக்குன தழும்பு, இல்ல விழுந்த அடி. அதைக் கரண்டியால வழிச்சு எறிஞ்சுட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம். காம்பு பக்கத்துல இருந்து பழுப்பு கீழ இறங்கியிருந்தா காம்பு வழியா வந்த அழுகல், கொஞ்சமா இருந்தா அந்தப் பக்கத்தை தாராளமா வெட்டி எடுத்துட்டு மிச்சத்தை மோந்து பாருங்க, புளிச்ச வாடை, காறல் வாடை வந்தா மொத்தமா போட்டுருங்க.

நீள நீளமா கறுப்பு நரம்பு ஓடி, சதை சாம்பல் பூத்த மாதிரி இருந்தா குளிர் தாக்குனது. லாரியிலயோ குடோன்லயோ ரொம்பக் குளிர்ல கெடந்திருக்கும், இல்ல உங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல. உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது, ஆனா ருசி இருக்காது.

நாரு மட்டும் இருக்கு, நெறம் நல்லாத்தான் இருக்குன்னா அது ரகத்தோட குணம், மரம் இளசா இருந்தாலும் அப்படி வரும். கொட்டை போட்டு முளைச்ச நாட்டு மரத்துக் காய்ல இது கூடுதல். அப்படிக் காயை ஜூஸுக்கு எடுத்துக்கிடுங்க, சப்பாத்திக்கு மசிக்க வேற காய் எடுங்க.

எல்லா இடத்துலயும் பரவலா பழுப்பாகி கூழா இருந்தா நாள் தாண்டிட்டு. அதுக்கு வைத்தியம் கிடையாது.

நல்ல பழம் எப்படி இருக்கும்னா, கத்தி கொட்டையைச் சுத்தி இழுவையே இல்லாம போயிட்டு வரும், ரெண்டு பாதியையும் எதிரும் புதிருமா திருகுனா கொட்டை ஒரு பாதியில நின்னுக்கிடும், சதை கொட்டைப் பக்கம் மஞ்சளாவும் தொலிகிட்ட வர வர பச்சையாவும் இருக்கும், கரண்டியை விட்டா தொலியில ஒண்ணும் ஒட்டாம முழுசா வழிஞ்சு வரும். தொலிகிட்ட இருக்குற அந்தப் பச்சைச் சதையை விட்டுராதீங்க, சத்து அங்ஙனதான் கூடுதல்.

பாதியை வெட்டி வச்சா கறுத்துருதே?

காத்து பட்டா சதையில இருக்குற ஒரு நொதி வேலை செஞ்சு பழுப்பாக்கும், வாழைக்காய் கறுக்குறதும் இதாலதான். எலுமிச்சம்பழச் சாறு ரெண்டு சொட்டு தடவி, காத்து புகாம சதை மேல ஒட்டுன மாதிரி கவரை மூடி ஃப்ரிட்ஜ்ல வைங்க, மறுநாள் வரைக்கும் தாங்கும். கொட்டையை எடுக்காம வச்சா கறுக்காதுன்னு சொல்லுதாங்க, கொட்டைக்கு அடியில மட்டும்தான் கறுக்காது, ஏன்னா அங்ஙன காத்து படல. மேல லேசா கறுத்திருந்தா சுரண்டிட்டு சாப்பிடலாம்.

தண்ணியில முக்கி வைக்குற பழக்கம் வேண்டாம். காயை தண்ணிக்குள்ள போட்டு ஃப்ரிட்ஜ்ல வைக்குறது ஒரு சமயம் இன்டர்நெட்ல பெருசா ஓடுச்சு, 2022ல அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே வேண்டாம்னு சொல்லுச்சு, தொலியில லிஸ்டீரியா, சால்மோனெல்லா மாதிரி கிருமி இருந்தா தண்ணியில பெருகும்னு. அதோட வெட்டுறதுக்கு முந்தி முழுக் காயையும் தண்ணியில கழுவிருங்க, தொலியைத் திங்கலைன்னாலும் கத்தி தொலி வழியாத்தான உள்ள போகுது.

ஜூஸ் போட்டா கசக்குதே?

பழுக்காத காயைப் போட்டிருப்பீங்க, இல்ல கொட்டைத் தோல் துணுக்கு உள்ள விழுந்து அரைபட்டிருக்கும், இல்ல சுடுபால் ஊத்தியிருப்பீங்க. சூடு காட்டுனா இந்தப் பழம் கசக்கும், அதனாலதான் இதை வச்சு யாரும் குழம்பு வைக்குறதில்ல. ஆறிக் குளுந்த பால், சீனி, இல்லைன்னா கருப்பட்டிப் பாகு, அவ்வளவு போதும். உடன்குடி கருப்பட்டியைக் காய்ச்சி வடிகட்டி ஆற வச்சு ஊத்திப் பாருங்க, சீனியை விட நூறு மடங்கு நல்லா இருக்கும். போட்ட உடனே குடிச்சிரணும், காலையில போட்டு சாயந்திரம் வரைக்கும் வச்சா நெறமும் மாறும் ருசியும் மாறும்.

நம்ம மலைக்காய் நல்லதா, வெளிநாட்டு ஹாஸ் நல்லதா?

ஹாஸ்ல எண்ணெய் கூடுதல், சதை கெட்டியா வழவழன்னு இருக்கும், தொலி தடிப்பா இருக்குறதால தூரம் தாங்கும். டான்சானியா, பெரு, ஆஸ்திரேலியான்னு எங்கெங்கேயோ இருந்து வருது. நம்ம பக்கம் வாறது பெரும்பாலும் கீழ்ப்பழனி மலைக்காய், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை பக்கம் காப்பித் தோட்டத்துக்குள்ள ஊடுபயிரா நிக்குற மரம். தடியன்குடிசையில இருக்குற தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துல இருந்து டி.கே.டி 1னு ஒரு ரகமே வந்திருக்கு. குடகு, வயநாட்டுல இருந்தும் வரும். நம்ம காய் பெருசு, தொலி மெல்லிசு, தண்ணி கொஞ்சம் கூடுதல், மரத்துக்கு மரம் ருசி மாறும்.

என் அபிப்ராயம், பிரெட்ல தடவவும் சாலட்ல துண்டு போடவும் ஹாஸ், ஜூஸுக்கும் மசிச்சுச் சாப்பிடவும் நம்ம காய். ஆனா சீசன்ல, ஜூலை ஆகஸ்ட்ல, நல்லா விளைஞ்ச மலைக்காய் கெடைச்சா நான் ஹாஸ் பக்கமே போக மாட்டேன். மூணு வாரம் கப்பல்ல குளிர்ல கெடந்த காய்க்கு ரெண்டு மடங்குக்கு மேல காசு குடுக்குறதை விட, நேத்து வத்தலக்குண்டுல ஏத்துன காய் எவ்வளவோ மேல்.

அந்த ஸ்டிக்கர்ல 4046, 4225னு நம்பர் போட்டிருக்கும், அதை தரம்னு நினைச்சுக்கிடாதீங்க. 4046னா சின்ன ஹாஸ், 4225னா பெரிய ஹாஸ், அளவைத்தான் சொல்லுது.

குற்றாலத்துல சீசன்ல விக்குறதை வாங்கலாமா?

தாராளமா வாங்கலாம். சாரல் நேரத்துல ரம்புட்டான், மங்குஸ்தான் கூட பட்டர் ஃப்ரூட்டும் வச்சிருப்பாங்க, குளுமையில வச்சிருக்குறதால பழமும் கெட்டுப் போயிருக்காது. குளிச்சிட்டு ஊருக்குத் திரும்புறவங்க கெட்டிக் காயா வாங்குங்க, பழுத்ததை பஸ்ல பைக்குள்ள திணிச்சுக் கொண்டு வந்தா வீடு வந்து சேரும்போது நசுங்கியிருக்கும். கார் டிக்கியில வெயில்ல வச்சுட்டு வேற எடம் சுத்தவும் போகாதீங்க.

கல்லு வச்சு பழுக்க வைக்காங்களா?

கார்பைடு கல்லு வச்சு எந்தப் பழத்தைப் பழுக்க வச்சாலும் சட்டப்படி தப்பு, நாடு பூரா தடை. எத்திலீன் வாயு விட்டு அறையில பழுக்க வைக்குறதுக்கு அனுமதி உண்டு, 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காத்துல 100 பங்கு) வரைக்கும், அது பழம் தானே விடுற வாயுதான், பயப்பட வேண்டாம். பட்டர் ஃப்ரூட்டைப் பொறுத்த வரைக்கும் கெட்டியாவே வாங்கி வீட்டுல பழுக்க வச்சுக்கிட்டா இந்தக் கேள்வியே வராது.

சுகர் இருக்கு, சாப்பிடலாமா? வேற யாரு சாப்பிடக் கூடாது?

100 கிராம்ல 160 கலோரி பக்கம் வரும், கொழுப்பு 15 கிராம், நார்ச்சத்து 7 கிராம் பக்கம், இனிப்பு ஒரு கிராம் கூட தேறாது. சுகர்காரங்களுக்கு பழத்தை விட அதுல போடுற சீனிதான் பிரச்சனை. பழம் நல்லதுங்குறதுக்காக ஒரே வேளையில முழுசா திங்க வேண்டாம், நம்ம மலைக்காய்ல ஒண்ணு அரைக் கிலோ கூட வருது.

கிட்னி கோளாறு உள்ளவங்க டாக்டரைக் கேக்காம தொடாதீங்க, இதுல பொட்டாசியம் வாழைப்பழத்தை விட கூடுதல். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுறவங்களும் கேட்டுக்கிடுங்க. இன்னொண்ணு, ரப்பர் பாலோ ரப்பர் கையுறையோ பட்டா அரிப்பு, தடிப்பு வாற ஆளுங்களுக்கு பட்டர் ஃப்ரூட்டும் வாழைப்பழமும் சேராம போகலாம். தெற்க ரப்பர் தோட்டத்துல வேலை பாக்குறவங்க, ஆஸ்பத்திரியில கையுறை மாட்டுறவங்க இதைக் கவனிக்கணும். வாய் அரிச்சாலோ உதடு வீங்குனாலோ நிப்பாட்டிட்டு டாக்டரைப் பாருங்க.

தொலியையும் கொட்டையையும் ஆட்டுக்குப் போடலாமா அண்ணாச்சி?

போடவே கூடாது. நம்ம பக்கம் ஆடு வளக்குற வீடு நிறைய, பழத்தொலி எதுன்னாலும் ஆட்டுக்குப் போடுறது பழக்கம், அதனாலதான் இதை அழுத்திச் சொல்லுதேன். பட்டர் ஃப்ரூட் மரத்து இலை, தொலி, கொட்டையில பெர்சின்னு ஒரு நச்சு இருக்கு. பால் குடுக்குற ஆடு மாடு தின்னா மடி வீங்கி பால் கொறஞ்சிரும், கூடுதலா தின்னா நெஞ்சுல தாக்கி உயிருக்கே ஆபத்து. முயல், குதிரைக்கும் ஆகாது. கிளி, லவ் பேர்ட்ஸ் வளக்குறவங்க பழத்தைக் கூட குடுக்காதீங்க, பறவைக்கு ரொம்பக் கொஞ்சமே போதும். தொலியை உரக்குழியில போட்டு மண்ணைத் தள்ளிருங்க. மரம் வச்சிருக்குறவங்க கவாத்து பண்ணுன கொம்பை ஆடு மேயுற எடத்துல போடாதீங்க.

கொட்டையை நட்டா நம்ம ஊர்ல வருமா?

முளைக்கும். கொட்டை காய்ஞ்சு போறதுக்கு முந்தி, பழம் வெட்டுன ரெண்டு மூணு நாள்ல நட்டுரணும். ஆனா காய்க்க அஞ்சாறு வருஷத்துக்கு மேல ஆகும், தாய் மரத்துக் காய் மாதிரியே வரும்னும் சொல்ல முடியாது. காய்க்கணும்னு ஆசைப்பட்டா ஒட்டுக் கன்னு வாங்குங்க, மூணு நாலு வருஷத்துல காய்க்கும். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துல, தென்காசி, கடையம், பாபநாசம் பக்கம் முயற்சி பண்ணலாம், திசையன்விளை பக்கத்துத் தேரிக்காத்துக்கும் வெயிலுக்கும் பூ நிக்காது. எங்க வச்சாலும் மேட்டுல வைங்க, வயக்காட்டு வரப்பு, வாய்க்கா ஓரம் வேண்டாம், தண்ணி தேங்குனா வேர் அழுகல் நோய் வந்து நல்லா நிக்குற மரம் அப்படியே வாடிரும்.